எகிப்துக்குப் போனபின் தன் கருத்தையே மாற்றியவர்

இஸ்லாமியச் சட்ட அறிஞர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) என்றாலே எனக்கு முதலில் அவருடைய தாய்தான் ஞாபகத்துக்கு வருவார். 767இல் காஸாவில் பிறந்த பிள்ளை. தந்தை சீக்கிரமே இறந்துவிட, மகனை மக்காவுக்கு அழைத்துப்போய் வறுமையிலேயே வளர்த்தெடுத்தார் அந்த அம்மா. தாள் வாங்கக் காசில்லாமல் எலும்புத் துண்டுகளில் பாடம் எழுதிவைப்பாராம் சிறுவர். மதீனாவில் இமாம் மாலிக்கிடம் படிக்கப் போகும் முன்பே அந்த இமாமின் 'முவத்தா' என்ற நபிமொழித் தொகுப்பு இவருக்கு மனப்பாடம்.

அப்புறம் யமனில் வேலை, கலகக்காரர்களோடு சேர்ந்தார் என்ற குற்றச்சாட்டு, கலீஃபா ஹாரூன் ரஷீத் முன் விசாரணை. உயிர் தப்பியவர், இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவர் முஹம்மது ஷைபானியிடம் ஈராக்கின் சட்டமுறையைப் படித்தார். மதீனா, ஈராக் என்ற இரண்டு மரபையும் உள்ளிருந்து அறிந்ததால்தான் 'ரிஸாலா' என்ற நூலை எழுத முடிந்தது என்று நினைக்கிறேன். குர்ஆன், நபிவழி, இஜ்மா (அறிஞர்களின் ஒருமித்த முடிவு), கியாஸ் (ஒப்பிட்டு முடிவெடுப்பது) என்று சட்டம் எடுக்கும் வரிசையை அதில் வகுத்தார்.

என்னை மிகவும் ஈர்ப்பது அவருடைய கடைசி ஐந்தாறு வருடங்கள். எகிப்தில் குடியேறியபின், பாக்தாதில் தான் சொன்ன பல சட்டக் கருத்துகளைத் தானே மாற்றினார். பழையது கதீம், புதியது ஜதீத். ஃபிக்ஹ் என்னும் இஸ்லாமியச் சட்ட நூல்களில் இரண்டும் இன்றும் இருக்கின்றன. அத்தனை பேர் பின்பற்றிய பிறகும் தன் சொல்லைத் திருத்த எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என்று நம் கடற்கரை முஸ்லிம்கள் பின்பற்றுவது அவருடைய மத்ஹபை, அதாவது சட்ட வழியைத்தான். 820இல் மறைந்தவரின் கப்ரு (அடக்கத்தலம்) கெய்ரோவில் இருக்கிறது. அதன்மேல் குவிமாடம் எழுப்பியவர் அய்யூபி சுல்தான் காமில், 1211இல். அல்லாஹ் நாடினால் ஒருமுறையாவது அங்கே போய் ஸலாம் சொல்லிவிட்டு வரவேண்டும்.