மைத்ரி பயிற்சி முடித்தாச்சு: சினை ஊசி போடப் போகிறவர்கள் முதலில் கேனைக் கவனியுங்கள்

மைத்ரி என்பது கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி (செயற்கை முறையில் விந்து செலுத்துவது) போடப் போகிறவர்களுக்கான பயிற்சி. மொத்தம் மூன்று மாதம்: ஒரு மாதம் வகுப்பு, இரண்டு மாதம் களம். சேருவதில் சிரமம் இல்லை. இழுத்தடித்தது சான்றிதழ்தான். களப் பதிவேட்டில் காதுவில்லை எண், காளை எண், தேதி, மேற்பார்வை கால்நடை டாக்டரின் கையெழுத்து எல்லாம் இருந்தும், முத்திரை இல்லை என்று எழுத்தர் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குள் டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். தேடிப் போய் வாங்கி வந்தால், பழைய மருந்தகத்தின் முத்திரைதான் செல்லுமாம். கையெழுத்து, முத்திரை இரண்டையும் அன்றன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய வருத்தம், உறைந்த விந்தைத் திரவ நைட்ரஜனில் வைத்திருக்கும் கேன். பயிற்சிக்குத் தந்த மூன்று லிட்டர் கேனின் கழுத்து வெளிப்பக்கமாக வேர்த்துக்கொண்டே இருந்தது. கேனின் சுவருக்குள் இருக்கும் வெற்றிடம் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். சொல்லியும் மாற்றவில்லை. கடைசியில் டாக்டர் ஒரு ஸ்ட்ராவை (உறைந்த விந்து அடைத்த மெல்லிய குழாய்) உருக்கி, ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஒரு விந்தணுகூட நகரவில்லை. செத்த ஸ்ட்ராவும் நல்ல ஸ்ட்ராவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அந்த ஊசியைப் போட்டால் மாட்டுக்காரருக்கு அடுத்த பருவம் வரை 21 நாள் வீண். தீவனச் செலவு அவர் தலையில்.

ஆகவே தினமும் அளவு பாருங்கள். மரக்குச்சியை அடிவரை விட்டு, சில வினாடி கழித்து எடுத்துக் காற்றில் ஆட்டினால் வெள்ளையாகப் பனி படியும். அந்த உயரம்தான் உள்ளே இருக்கும் நைட்ரஜன். உள்ளே துளையுள்ள குழாயை விடவே கூடாது, திரவம் அதன் வழியாக முகத்துக்குப் பீறிடும். ஸ்ட்ரா எடுக்கும்போது ஸ்ட்ராக்கள் இருக்கும் கேனிஸ்டர் குவளை, கேனின் கழுத்து விளிம்புக்கு இரண்டு அங்குலமாவது கீழே நிற்கட்டும், இடுக்கியால் எடுங்கள். பத்து வினாடிக்குள் எடுக்க முடியாவிட்டால் மறுபடி உள்ளே இறக்கிக் குளிரவிட்டு அப்புறம் முயலுங்கள்.

உருக்குவது 37 டிகிரி வெந்நீரில், 30 வினாடி. உள்ளங்கையில் தேய்ப்பது, சட்டைப் பையில் வைப்பது, குழாய்த் தண்ணீரில் போடுவது எல்லாமே கிராமத்தில் நடக்கின்றன, எல்லாமே தப்பு. ஃபிளாஸ்க்கும் வெப்பமானியும் சொந்தக் காசில் வாங்கினாலும் நஷ்டமில்லை. எடுத்ததும் ஈரம் போகத் துடையுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே அணுக்கள் சாகும். ஸ்ட்ராவின் பஞ்சு அடைப்புள்ள முனை, விந்து செலுத்தும் நீண்ட கருவியான ‘கன்’னுக்குள் (gun) போகவேண்டும். மறு முனையை நேராக வெட்டுங்கள். சாய்ந்து வெட்டினால் கன் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறையோடு பொருந்தாமல் விந்து பின்பக்கம் ஒழுகிவிடும்.

கைப்பழக்கம் தானாக வரும். இறைச்சிக்கூடத்துக் கருப்பையில் பழகும்போதே கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள். கருப்பைக் கழுத்து கெட்டியாக, கோழிக்கழுத்துபோல, மாட்டின் ஆசனவாய் வழியாக விட்ட கையில் தட்டுப்படும். கன்னை முதலில் மேல்நோக்கிச் சாய்த்து விடுங்கள். நேராக விட்டால் சிறுநீர்த் துவாரத்தில் போய் நிற்கும். பிறகு கருப்பைக் கழுத்தை முன்னே தள்ளிப் பிடித்தால் யோனி மடிப்புகள் நிமிரும். கழுத்துக்குள் இருக்கும் வளையங்களைத் தாண்டுவதற்குக் கன்னைக் குத்தாதீர்கள், கழுத்தைக் கன்னின் மேல் நகர்த்துங்கள். கடைசி வளையம் தாண்டியதும் விந்தை மெதுவாக விடவேண்டும். ஆழமாகப் போனால் கருப்பையின் ஒரு பக்கக் கொம்புக்குள் போய்விடும், உள்சுவரும் காயப்படும்.

ஏற்கெனவே ஊசி போட்ட மாடு மறுபடி பருவத்துக்குக் கத்துகிறது என்று கூப்பிட்டால் இரட்டைக் கவனம் வேண்டும். சினை மாடும் சில சமயம் கத்தும். கருப்பைக் கழுத்துக்குள் பசைபோல் ஒட்டி, கன் போக மறுத்தால் கருப்பைக்குள் தள்ளாதீர்கள், கரு கலைந்துவிடும். பருவத்தில் வடியும் வழும்பு கண்ணாடிபோல் இல்லாமல் கலங்கி, சீழ் கலந்திருந்தால் ஊசியே வேண்டாம், டாக்டரிடம் அனுப்புங்கள். மாட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. வைத்தியம் பார்க்க நமக்கு அனுமதியும் கிடையாது.

நேரம் தெரிந்ததுதான்: காலையில் பருவம் கண்டால் மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை. ஆனால் “எப்போ கத்துச்சு?” என்று மட்டும் கேட்காதீர்கள். ராத்திரியே ஆரம்பித்திருக்கலாம். வழும்பு எப்போது வந்தது, மற்ற மாடு ஏறும்போது நின்றதா என்று வீட்டில் மாடு பார்க்கிற அக்காவிடம் கேளுங்கள், சரியான பதில் அங்கேதான் கிடைக்கும்.

காலி ஸ்ட்ராவை உடனே வீசாதீர்கள். காளை எண் அதில்தான் அச்சாகியிருக்கும். கால்நடைப் பதிவுக்கான பாரத் பசுதன் செயலியில் பதிந்த பிறகே எறியுங்கள். மூன்றாம் மாதம் கைவிட்டுப் பார்த்துச் சினை உறுதியானதும், அந்தத் தேதியையும் அதே பதிவில் சேர்த்துவிடுங்கள்.