மூன்றாவது வாசர் பிடித்துக்கொண்டது

0.12 வினாடி, 0.09 ஆகிவிட்டது. என் காற்றுத் துப்பாக்கியில் சுடும் சத்தத்துக்கும், பத்து மீட்டர் தள்ளிக் குண்டு படும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளி. உள்ளே பிஸ்டனில் இருக்கும் தோல் வாசரை மாற்றியதில் வந்தது. இந்த 0.03-க்காக மூன்று மாதம் அல்லாடியிருக்கிறேன்.

அளந்த விதம் இதுதான். போனைக் குழல் முனைக்குப் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவு போட்டுவிடுவேன். சுடும் சத்தத்துக்கும் தகரத்தில் குண்டு படும் சத்தத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அலைவடிவத்தில் பார்ப்பேன். பட்ட சத்தம் திரும்பி வர 0.029 வினாடி ஆகும், அதைக் கழித்தால் குண்டு பறந்த நேரம். பழைய வாசரில் வினாடிக்குச் சராசரி 110 மீட்டர், இப்போது 164. மிண்ட் தெரு நகைக்கடைத் தராசில் பத்து குண்டு 5.3 கிராம் நின்றது. கணக்குப் போட்டால் 3.2 ஜூலிலிருந்து 7.1 ஜூலுக்கு ஏறியிருக்கிறது. ஸ்பிரிங் அதே பழைய ஸ்பிரிங்.

துப்பாக்கி மாமா கொடுத்தது. உள்ளூர்த் தயாரிப்பு, குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகை, குழல் துளை 4.5 மி.மீ. தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். வாசல் நடையிலிருந்து பின்கட்டுச் சுவர் வரை பத்து மீட்டர் சுளையாகக் கிடைக்கிறது. சுவரோரம் இரும்புத் தகடு, அதற்கு முன்னால் பழந்துணி அடைத்த எண்ணெய் டின். பின்கதவைத் தாழ் போட்டு, வீட்டில் எல்லோரும் எனக்குப் பின்னால் வந்த பிறகுதான் குழலை மடக்குவேன்.

ஸ்பிரிங்கைக் கழற்றிய கதை வேண்டாம், செய்கிறவர்களுக்குத் தெரியும். ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் சிலிண்டர் காற்றை அழுத்தும், அந்தக் காற்றுதான் குண்டை விரட்டும். விஷயம் பிஸ்டன் தலையில் இருக்கும் தோல் வாசர். அடிபம்பு வாசரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்: அதே கிண்ண வடிவம், வாய் முன்பக்கம் பார்க்க வேண்டும், காற்று அழுத்தும்போது விளிம்பு விரிந்து சிலிண்டரைக் கவ்வும். என்னுடையது கருவாடாகக் காய்ந்து கிடந்தது. முதலில் தபாலில், தோலுக்குப் பதிலாக ஒரு பாலியூரித்தேன் (பிளாஸ்டிக் வகை) சீல் வரவழைத்தேன். 25 மி.மீ. சிலிண்டருக்கு 24 மி.மீ. சீல் அனுப்பிவிட்டு, திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். அந்தக் கோபத்தில்தான் நானே தோலில் செய்வது என்று இறங்கினேன்.

முதல் வாசர், பை தைக்கிறவரிடம் வாங்கிய வெட்டுத்துண்டில். ஈரமாக்கி அச்சில் அழுத்தினேன், அழகாக வந்தது. அச்சிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் தோசை மாதிரி தட்டையாகிவிட்டது. வெட்டுவாயைப் பார்த்தபோது நீலச் சாயல். குரோம் தோல், அதாவது குரோம் உப்பில் பதனிட்டது. அது எவ்வளவு அழுத்தினாலும் வடிவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது.

இரண்டாவதுக்குப் பெரியமேடு போய், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல், 3 மி.மீ. கனம், கையகலம் வாங்கினேன். நம் ஊரில் பரம்பரையாகச் செய்துவந்த பதம். சீக்கிரம் இளகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். அங்கேதான் கெட்டது. அரை நிமிடத்தில் சுருண்டு, ஆறியதும் மாட்டுக்கொம்பு மாதிரி இறுகிவிட்டது.

அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்கார பாய் ஒன்றும் பேசாமல் இரண்டு துண்டு வெட்டி, டீக்கு வைத்திருந்த கொதிதண்ணீரில் போட்டார். பட்டைத் தோல் அப்பளமாகச் சுருண்டது. குரோம் துண்டு அசையவில்லை. "குரோமு கொதி தாங்கும் தம்பி, பட்டை தாங்காது. பச்சைத் தண்ணியில போடு, குமிழி நிக்கிற வரைக்கும் விடு, அவ்ளோதான்." ஒரு டம்ளரில் மொத்தப் பாடத்தையும் நடத்திவிட்டார்.

மூன்றாவதுக்கு அச்சிலும் கை வைத்தேன். வியாசர்பாடி லேத்தில் கடைந்தது: 25 மி.மீ. துளை, 19 மி.மீ. உருளை. துளையின் வாய்விளிம்பு கத்தி மாதிரி இருந்ததால்தான் தோல் உள்ளே இறங்கும்போது கிழிந்தும் மடிந்தும் வந்திருக்கிறது. எமரித் தாளைச் சுற்றி ஒரு மணி நேரம் தேய்த்து, விரல் நுனி வழுக்கி இறங்கும் அளவுக்கு உருட்டினேன். தோலின் மேல் ஒரு வளையம் வைத்து, மடியாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வைஸ் கைப்பிடியைக் கால் சுற்று, கால் சுற்றாக. கால் சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி, விளிம்பைக் கட்டை விரலால் நீவிவிட வேண்டும். இருபது நிமிடம் பிடித்தது. ஒரு மடிப்புகூட விழவில்லை. அந்தக் கிண்ணத்தை அன்றைக்கு எத்தனை தடவை கையில் எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அச்சிலேயே மூன்று நாள் காயவிட்டேன். இரும்பு பட்ட இடமெல்லாம் மை பூசினாற்போல் கறுத்துவிட்டது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மைதானே. வேலைக்குக் கெடுதல் இல்லை, ஆனால் கண்ணுக்கு உறுத்துகிறது. அடுத்த அச்சு பித்தளையில்தான்.

பிறகு விளிம்பைப் பிளேடால் சமன் செய்து, பெரியமேட்டிலேயே வாங்கிய நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் முழுக்கத் துணியில் வடியவிட்டேன். அப்படியும் முதல் இருபது குண்டுக்குப் புகை, தீய்ந்த வாடை, வெடிச்சத்தம். அழுத்தச் சூட்டில் உள்ளே மிஞ்சிய எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அதற்குப் பிறகு எடுத்த அளவுதான் மேலே சொன்னது.

நண்பர் ஒருவர், இவ்வளவு செய்தவன் 5.5 மி.மீ. குழலை மாட்டிவிடு என்கிறார். மாட்ட மாட்டேன். 4.5-க்கு மேல் துளை போனால் உரிமம் வேண்டும், 20 ஜூல் தாண்டினாலும் வேண்டும். தவிர, அதே ஸ்பிரிங் கனமான குண்டைத் தள்ளினால் வேகம் விழும். அட்டை இலக்கில் சுடும் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கு 4.5-தான் விதி. அந்த அட்டையின் நடுப்புள்ளி அரை மி.மீ.

இப்போது மிச்சம் இருப்பது சுட்டதும் வரும் அந்த 'டொய்ங்'. ஸ்பிரிங்குக்குள் இருக்கும் கம்பி லொடலொடக்கிறது. உள்விட்டத்துக்குச் சரியாக நைலானில் ஒரு வழிகாட்டி கடைய வேண்டும். லேத்து அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் விசையைக் கழற்றிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்ததில் இரண்டு பின் மேசையில் கிடக்கின்றன. குழல் மூட்டில் இருக்கும் ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) மாற்ற வேண்டும். சிகரெட் தாளை அங்கே வைத்துச் சுட்டபோது தாள் துள்ளியது, காற்று கசிகிறது.