சென்சருக்கும் மோட்டருக்கும் நடுவில்

கிளிநொச்சியில் மாமாவின் மிளகாய்த் தோட்டத்தில் மண் ஈரம் பார்க்கும் சென்சர் ஒன்றைப் பூட்டினேன். முதலில் அதையும் கிணற்றடி மோட்டரையும் நேராகவே இணைத்தேன், அது பிழை. சென்சரை மாற்றியபோது மோட்டரின் புரோகிராமையும் திருப்பி எழுத வேண்டி வந்தது, "மழையையும் கணக்கில் எடு தம்பி" என்று மாமா சொன்னதும் எல்லாமே சிக்கலாகிவிட்டது.

சரி, நடுவில் ஒரு மிடில்வெயார் வேண்டும், அதாவது இரண்டையும் நேராகக் கட்டாமல் இடையில் நின்று இணைக்கும் மென்பொருள். நான் வைத்தது எம்கியூடிடி (MQTT) புரோக்கர், செய்திகளை வாங்கி, கேட்பவர்களுக்குக் கொடுக்கும் தரகர். 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க உருவான செய்திப் பரிமாற்ற நெறிமுறைதான் எம்கியூடிடி, அதனால் மெலிந்த இணைப்பிலும் ஓடும், வன்னித் தோட்டங்களுக்கு இது பெரிய விஷயம். சென்சர் ஈர அளவை ஒரு தலைப்பின் கீழ் அனுப்பிவிடும், யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியத் தேவையில்லை. பற்றரி தீர்ந்து சென்சர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனால், அது முன்பே ஒப்படைத்து வைத்த கடைசிச் செய்தியைப் புரோக்கரே மற்றவர்களுக்கு அறிவிக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் வெறும் ஈர எண் சூழலறிவு ஆகாது, அதாவது சுற்றுப்புற நிலைமையைப் புரிந்து நடப்பது ஆகாது. மண் காய்ந்திருக்கிறது, மழைக்குறியும் இல்லை, அப்படியென்றால் தண்ணீர் இறை என்று முடிவெடுக்கும் அடுக்கு தனியாக வேண்டும். கணினி கண்ணில் படாமல் அன்றாட வாழ்க்கைக்குள் கரைந்துவிட வேண்டும் என்று கணினி விஞ்ஞானி மார்க் வைசர் 1991இல் எழுதினார். மாமா ஃபோனைத் தொடாமலே மிளகாய்க்குத் தண்ணீர் போக வேண்டும். அந்த அடுக்கைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.