சுவரிலும் பேனல் மாட்டிய ஊர்

ஃப்ரைபுர்க்குக்குக் குடிவரும் யாராக இருந்தாலும் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் ஸ்டூலிங்கர் பகுதியில் இருக்கும் புது நகர நிர்வாகக் கட்டடம்தான். விலாசத்தைப் பதிவு செய்யாமல் ஜெர்மனியில் எந்தக் காரியமும் நகராது. ஆறு மாடி, முட்டை வடிவம், சுற்றிலும் தரையிலிருந்து கூரை வரை உயரமான ஜன்னல்கள். இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே சுவரை விட்டுச் சற்றே துருத்திக்கொண்டு செங்குத்தாக நீளமான கறுப்புப் பட்டைகள் நிற்கும். முதல் முறை வருகிறவர்கள் ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அத்தனையும் சோலார் பேனல்.

நான் தூத்துக்குடிக்காரன். எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்துவிட்டு இப்போது இந்த ஊரில் கூரைகளில் பேனல் மாட்டும் வேலையில் இருக்கிறேன். அதனால் ஒரு கட்டடத்தைப் பார்த்ததும் கண் தானாகவே மேலே போகும். எந்தப் பக்கம் தெற்கு, எங்கே நிழல் விழும், பேனல் கரண்டை நாம் பயன்படுத்தும் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரை எங்கே வைத்திருப்பார்கள் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். இந்தக் கட்டடத்தில் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுவரில் ஏன் மாட்டினார்கள்? ஃப்ரைபுர்க் பூமத்திய ரேகையிலிருந்து 48 டிகிரி வடக்கே இருக்கிறது. டிசம்பர் மூன்றாவது வாரத்தில் உச்சி வெயில் என்பதே அடிவானத்திலிருந்து 18, 19 டிகிரி உயரம்தான். எதிரே நடந்து வருகிறவரின் முகம் தெரியாது, அப்படிக் கண்ணில் குத்தும். தட்டையாகக் கிடக்கும் பேனல் மேல் அந்த வெயில் வழுக்கிக்கொண்டு போய்விடும். நிமிர்ந்து நிற்கும் பேனல் மேல் நேராக விழும். பனி பெய்தாலும் அதில் ஒட்டாது. வருஷம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் தெற்குச் சுவரில் நிற்கும் பேனல், சரியான சாய்வில் கூரையில் வைத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாகத்தான் தரும். ஆனால் கரண்ட் அதிகம் தேவைப்படும் குளிர்காலத்தில் கைகொடுக்கும். கூரை போதாது, சுவரும் வேண்டும் என்று முடிவெடுத்ததற்கு இதுதான் கணக்கு.

கட்டடம் திறந்தது 2017 நவம்பரில். டுசல்டார்ஃபின் இங்கன்ஹோஃபன் நிறுவனம் வடிவமைத்தது. ஊருக்குள் பல இடங்களில் சிதறிக் கிடந்த அலுவலகங்களிலிருந்து 840 ஊழியர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். கூரையில் பேனல், சுவரில் பேனல், நிலத்தடி நீரை வைத்து ஹீட் பம்ப். குளிர்காலத்தில் அந்த நீரிலிருந்து சூடு எடுக்கிறார்கள், கோடையில் அதே நீரின் குளிர்ச்சியை மேல்தளக் கான்கிரீட்டுக்குள் ஓடும் குழாய்களில் விடுகிறார்கள். சூடாக்க, குளிர்விக்க, காற்றோட்டத்துக்கு, விளக்குக்கு என்று ஒரு வருஷத்துக்கு ஆகும் சக்தியைவிட அதிகமாகத் தானே உற்பத்தி செய்ய வேண்டும் என்பதுதான் வடிவமைப்பின் இலக்கு. இதில் ‘ஒரு வருஷத்துக்கு’ என்பதைக் கவனிக்க வேண்டும். ஜனவரியில் இந்தக் கட்டடமும் வெளியிலிருந்து கரண்ட் வாங்கத்தான் செய்யும், ஜூனில் திருப்பிக் கொடுக்கும்.

இந்த ஊரைப் பற்றி எழுதுகிற பலர் ஜெர்மனியிலேயே வெயில் அதிகமான ஊர்களில் ஒன்று, அதனால் சோலார் வந்தது என்று முடித்துவிடுவார்கள். வெயில் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ‘அதிகம்’ எவ்வளவு? இங்கே ஒரு கிலோவாட் பேனல் வருஷத்துக்கு 1,000 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே தரும். தூத்துக்குடியில் அதே பேனலை வைத்தால் சாதாரணமாக 1,500 யூனிட். வெயில்தான் காரணம் என்றால் எங்கள் ஊர் எப்போதோ முந்தியிருக்க வேண்டும்.

உண்மையான காரணம் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் வீல் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. 1970களில் அங்கே அணு மின் நிலையம் கட்ட முடிவானது. பக்கத்தில் கைசர்ஷ்டூல் என்று ஒரு மலைப்பகுதி, முழுக்கத் திராட்சைத் தோட்டம். குளிர்விக்கும் கோபுரங்களிலிருந்து கிளம்பும் நீராவி மூடுபனியாகப் படிந்து வெயிலை மறைத்துவிடும், திராட்சை போய்விடும் என்று விவசாயிகள் பயந்தார்கள். 1975 பிப்ரவரி 18ஆம் தேதி ஊர்ப் பெண்களும் விவசாயிகளுமாகக் கட்டுமான இடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு நாளில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியது. 23ஆம் தேதி ஏறக்குறைய 28,000 பேர் திரண்டு வந்து இடத்தைத் திரும்பப் பிடித்தார்கள். அப்புறம் மாதக்கணக்கில் அங்கேயேதான். அப்போதைய மாநில முதலமைச்சர் ஃபில்பிங்கர், வீல் நிலையம் வராவிட்டால் பத்தாண்டு முடிவதற்குள் மாநிலத்தில் விளக்குகள் அணைய ஆரம்பிக்கும் என்று எச்சரித்தார். நிலையம் கடைசிவரை வரவில்லை. விளக்குகளும் அணையவில்லை. அந்தக் காடு இப்போது இயற்கைக் காப்பிடம்.

இதை முதலில் படித்தபோது எனக்கு இடிந்தகரைதான் கண்ணுக்கு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து கூடங்குளம் அப்படியொன்றும் தூரமில்லை. வீலில் திராட்சை, எங்கள் பக்கம் மீன். அங்கே நீராவி, எங்கள் பக்கம் அணு மின் நிலையத்திலிருந்து கடலில் கலக்கும் சுடுநீர். பயந்தவர்கள் இரண்டு ஊரிலும் தங்கள் தொழிலை நன்றாகத் தெரிந்தவர்கள். 2011, 2012 இல் இடிந்தகரையில் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பற்றி ஊரில் அப்போது ஏளனமாகப் பேசியவர்களும் உண்டு. ‘அப்போ கரண்டுக்கு என்ன செய்வது?’ என்பதுதான் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி. தமிழ்நாடே மணிக்கணக்கில் மின்வெட்டில் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது, அந்தக் கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் அதற்கு உட்கார்ந்து பதில் தேட யாரும் மெனக்கெடவில்லை.

வீல்காரர்கள் தேடினார்கள். ஆக்கிரமித்த காட்டிலேயே ஒரு மரக்கூடம் கட்டி, மக்கள் பள்ளி என்று பேர் வைத்து வகுப்பு நடத்தினார்கள். அணு உலை எப்படி வேலை செய்கிறது, சக்தியை வேறு எப்படி எடுக்கலாம் என்று அறிஞர்கள் வந்து பேச, திராட்சை விவசாயிகள் உட்கார்ந்து கேட்டார்கள். 1977இல் ஃப்ரைபுர்க்கில் சூழலியல் ஆய்வு நிறுவனம் ஒன்று, எக்கோ இன்ஸ்டிடியூட் என்பார்கள், தொடங்கியது. 1981இல் அடால்ஃப் கோட்ஸ்பெர்கர் என்ற இயற்பியலாளர் ஃப்ரான்ஹோஃபர் என்ற ஆய்வு அமைப்பின் கீழ் சூரிய சக்திக்கென்றே ஒரு ஆய்வகம் ஆரம்பித்தார். அன்றைக்கு அங்கே இருந்தது இருபது பேர் மாதிரி. இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேலே, ஐரோப்பாவிலேயே பெரிய சூரிய ஆற்றல் ஆய்வகம். 1986இல் செர்னோபில் வெடித்த பிறகு, அணு மின்சாரத்தை விட்டு விலகுவது என்று நகர மன்றமே தீர்மானம் போட்டது.

வீல் நின்றுபோனாலும், ஆற்றுக்கு அந்தக் கரையில், பிரான்ஸின் ஃபெசன்ஹைம் அணு நிலையம் 1977இலிருந்து 2020 வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஃப்ரைபுர்க்கிலிருந்து அது வீலைவிடவும் கிட்டே. ஜெர்மனியும் கரி எரிப்பதை இன்னும் விடவில்லை. இந்த ஊர் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தன் கையில் இருந்த கட்டடங்களில் ஆரம்பித்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே 19 மாடிக் கோபுரம் ஒன்று தெரியும், அதன் தெற்கு முகத்தில் மேலிருந்து கீழ்வரை 240 பேனல்கள். ஊர்க் கால்பந்து அணியின் பழைய மைதானத்துக் கூரையில் 1990களிலேயே பேனல் ஏறிவிட்டது. 2021இல் திறந்த புது மைதானத்தின் கூரையில் இப்போது 2.4 மெகாவாட். அதற்குப் பக்கத்திலேயே 2023இல் சைக்கிள் பாதைக்கு மேலே ஏறக்குறைய 300 மீட்டர் நீளத்துக்குப் பேனலால் கூரை போட்டிருக்கிறார்கள். மழை நாளில் வேலைக்குப் போகும்போது அதற்கடியில் வந்ததும் ஹூடியைக் கழற்றிவிட்டு மிதிப்பேன். பேனல்களுக்கு நடுவே கொஞ்சம் வெளிச்சம் கீழே இறங்கும்படி கண்ணாடி விட்டிருப்பதால் இருட்டாக இருக்காது.

பொதுக் கட்டடங்களுக்குச் சோலார் பொருந்துவது போல வீடுகளுக்குக்கூடப் பொருந்தாது என்பது என் கட்சி. வீட்டில் பகலில் ஆள் இருக்காது. கரண்ட் செலவாவது சாயங்காலத்துக்கு மேல். அலுவலகம், பள்ளி, நூலகம், மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு, இவையெல்லாம் வெயில் ஏற ஏற வேலை செய்து, வெயில் இறங்கும்போது கதவைச் சாத்துகிறவை. உற்பத்தியும் செலவும் ஒரே நேரத்தில் நடந்தால் பேட்டரி வேண்டாம். இங்கே மிச்சக் கரண்டை வெளியே விற்றால் கிடைக்கும் காசு, வாங்கும் விலையில் கால்வாசி இருந்தால் அதிகம். அதனால் எங்கள் வேலையில் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்பதே, மதியம் என்ன ஓடும் என்பதைத்தான்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் ஒரு சிக்கல். இந்த மாநிலத்தில் ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை விடுமுறை. நல்ல வெயில் அடிக்கும் நேரத்தில் கட்டடம் காலி, எல்லாம் வெளியே போகும். நம் ஊரிலும் மே மாதம் இதே கதைதான். ஆனால் நம் ஊரில் மே மாத மதியம்தான் ஏசியெல்லாம் ஓடும். பள்ளி மொட்டை மாடியிலிருந்து வரும் கரண்ட் அடுத்த தெருவிலேயே செலவாகிவிடும்.

பெரிய அளவில் செய்ய நமக்குத் தெரியாமல் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இலேயே 648 மெகாவாட் சோலார் மின் நிலையம் வந்துவிட்டது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் தன் பகல்நேரத் தேவை முழுவதையும் கூரைப் பேனல்களிலிருந்தே எடுக்கிறது, அங்கே 1.5 மெகாவாட். அந்தச் செய்தியைப் படித்த அன்று இங்கே வேலைத்தளத்தில் எல்லாரிடமும் காட்டினேன். சென்ட்ரலில் முடிகிறது என்றால் ஒரு தாலுகா அலுவலகத்தில், ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏன் முடியாது?

செய்வதாக இருந்தால் இந்த ஊர்ச் சுவரைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. தூத்துக்குடி 9 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பரிலும் மதியச் சூரியன் நல்ல உயரத்தில்தான், ஜூனில் வடக்குப் பக்கம் போய்விடும். சுவரில் மாட்டினால் பணம் வீண். மொட்டை மாடிதான், பத்து டிகிரி சாய்வு, மழைத் தண்ணீர் வழிய அது போதும். பேனலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று போக நல்ல இடைவெளி வேண்டும். பேனல் சூடாகச் சூடாக ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். கைப்பிடிச் சுவரின் நிழலும் தண்ணீர் டேங்கின் நிழலும் எங்கே விழுகிறது என்று காலை, மாலை இரண்டு வேளையும் ஏறிப் பார்க்க வேண்டும். ஒரு பேனலில் விழும் நிழல் அந்த வரிசை முழுவதையும் இழுத்துவிடும், டிராஃபிக்கில் முன்னால் போகும் மாட்டு வண்டி மாதிரி.

அப்புறம் கழுவுவது. எங்கள் பக்கம் உப்புக் காற்று, புழுதி, போதாக்குறைக்கு அனல் மின் நிலையத்துச் சாம்பல். போர்வெல் தண்ணீரை அப்படியே ஊற்றினால் வெள்ளையாக உப்புப் படிந்து பேனலே கெட்டுவிடும். போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது ஒரு அரசுக் கட்டடத்து மாடியில் பேனல்களைப் பார்த்தேன். விரலால் தடவினால் கறுப்பு. இன்வெர்ட்டரில் சிவப்பு லைட். எத்தனை நாளாக எரிகிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கேட்டதற்கு, மாட்டியவர்கள் போய்விட்டார்கள் என்றார்கள். வாங்கும்போதே பராமரிப்புக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட வேண்டும், மாதா மாதம் எத்தனை யூனிட் வந்தது என்று அலுவலக வாசலில் எழுதிப் போட வேண்டும். நான் படித்த பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் இதைப் பேசியிருக்கிறேன். ‘தம்பி, மொட்டை மாடி அளவு எடுத்துத் தர ஆள் வேண்டுமே’ என்றார். அடுத்த முறை போகும்போது டேப்பைக் கையோடு எடுத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.