குட்டி கேட்டுப் போன ஊர்கள்: ராஜபாளையமும் சிப்பிப்பாறைப் பக்கமும்

ராஜபாளையத்தில் நாய் வளர்ப்பவரிடம் போய் நாம் எதையும் கேட்பதற்கு முன்பாக அவர் கேட்கத் தொடங்கிவிடுவார். பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள், முன்பு நாய் வளர்த்ததுண்டா, அது என்ன ஆயிற்று, குழந்தைகளுக்கு என்ன வயது என்று கேள்விகள் வரிசையாக வரும். பெண் பார்க்க வந்த வீட்டாரை விசாரிப்பது போன்ற இந்த விசாரணையால் எரிச்சலடைந்து பாதியிலேயே திரும்பிப் போனவர்களை நான் அறிவேன். என் அனுபவத்தில், இப்படி விசாரிக்கிறவரிடம் குட்டி வாங்குவதே நல்லது. எதையும் கேட்காமல், ‘எத்தனை வேணும், எப்ப எடுத்துக்கிறீங்க?’ என்று மட்டும் சொல்பவரிடமிருந்து விலகி வந்துவிடுவது நம் பணத்துக்கும் நாய்க்கும் நன்மை.

பொதிகை எக்ஸ்பிரஸ் விடியற்காலையிலேயே நம்மை ராஜபாளையத்தில் இறக்கிவிட்டுவிடும். நிலையத்திலிருந்து நேராக வளர்ப்பவர் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றும், போகக் கூடாது. கொட்டிலைக் கழுவி, கூழ் காய்ச்சி வைத்து, நாய்களை அவிழ்த்து ஓடவிடும் நேரம் அது. அவிழ்த்துவிட்ட ராஜபாளையம் நாய் திரியும் வளவுக்குள் முன்பின் தெரியாத ஆள் நுழைவதை, நாயும் விரும்பாது, நாயை வைத்திருப்பவரும் விரும்பமாட்டார். அதனால் முதல் நாளே தொலைபேசியில் பேசி, பத்து மணிக்கு மேல் வரச் சொல்லியிருந்ததை உறுதிசெய்துகொண்டு, அதுவரை விடுதியில் தங்கிச் சஞ்சீவி மலையைப் பார்த்தபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த முதல் தொலைபேசிப் பேச்சு இந்தப் பயணத்தில் பாதி என்றே சொல்வேன். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றுள் ராஜபாளையமும் ஒன்று. அப்போதும் இந்த நாயைத் தேடி வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய பெயர்களைச் சொன்ன பிறகு வந்த அழைப்புகளுக்கு அளவில்லை என்று நான் சந்தித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பெரும்பாலும் ‘குட்டி இருக்கா? ரேட் என்ன? போட்டோ அனுப்புங்க’ என்ற மூன்று வரிகள்தாம். அவற்றுக்குப் பதில் எழுதுவதையே அவர்கள் விட்டுவிட்டார்கள். பெயர், ஊர், வீட்டின் அமைப்பு, ஏன் இந்த நாய் வேண்டும் என்பவற்றை முதலில் சொல்லி, எப்போது பேசினால் வசதியாக இருக்கும் என்று கேட்பவருக்கு ஒருபோதும் முகத்தில் அடித்தாற்போல் பதில் வருவதில்லை. விலையைக் கேட்பதில் தவறில்லை. அதைக் கொண்டு பேச்சைத் தொடங்குவதுதான் தவறு.

நான் போன வீட்டின் வாசற்கதவுக்கு உட்புறம் நனைந்த சாக்கு ஒன்று விரிக்கப்பட்டிருந்தது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரின் வாசனை மூக்கில் ஏறியது. வீட்டுக்காரர், எழுபதை நெருங்கும் பெரியவர், கதவைத் திறக்காமலே கேட்டார்:

“வேற எங்கயும் குட்டி பாத்துட்டு வாரீகளா தம்பி?”

“இல்லைங்க அண்ணாச்சி. ரூம்ல இருந்து நேரா வாரேன்.”

“அப்பச் சரி. சாக்குல நல்லா மிதிச்சிட்டு உள்ள வாங்க.”

பார்வோ வைரஸுக்காகத்தான் இந்த ஏற்பாடு. நோயுற்ற நாயின் மலத்தில் வெளிப்படும் அந்த வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். செருப்பிலும் துணியிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். தடுப்பூசி முடியாத குட்டிகள் ஓர் ஈத்து முழுவதும் சில நாட்களில் செத்துப் போவதுண்டு. ஒரே நாளில் நான்கு வீடுகளைச் சுற்றி, ஒவ்வொரு வீட்டிலும் குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சி, விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மாலை வண்டியில் ஊர் திரும்பலாம் என்று திட்டமிடும் நண்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வீடு போதும். குட்டியைத் தொடுவதும் வீட்டுக்காரர் எடுத்துக் கையில் கொடுத்தால் மட்டுமே.

தாய் நாயைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. நல்ல வளர்ப்பாளர் நாம் அதைக் கேட்பதைத்தான் எதிர்பார்க்கிறார். தாயைக் காட்டாமல் குட்டியை மட்டும் கூடையில் வைத்துக் காட்டுபவர் பெரும்பாலும் எங்கிருந்தோ வாங்கி விற்கும் இடைத்தரகராக இருப்பார். ஆனால் காட்டும்போது நாம் நடந்துகொள்ள ஒரு முறை உண்டு. குட்டி போட்ட ராஜபாளையம் பெண் நாயின் கண்ணை நேராகப் பார்க்காமல், சற்றுப் பக்கவாட்டில் திரும்பி நின்று, கைகளை ஆட்டாமல், வீட்டுக்காரரோடு இயல்பாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். வேப்பமரத்தடியில் கட்டியிருந்த அந்த வெள்ளை நாய் முதலில் சங்கிலி முறுகக் குரைத்தது. பெரியவர் எனக்கு முக்காலி எடுத்துப் போட்டு நான் உட்கார்ந்த பிறகு, குரைப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு படுத்தது. அது படுத்த பிறகுதான் அவர் குட்டிகள் இருந்த அறைக் கதவைத் திறந்தார்.

ராஜபாளையம் நாயைப் பொறுத்தவரை கேட்டே ஆக வேண்டிய கேள்வி காதைப் பற்றியது. முழு வெள்ளை உடலும் ரோஸ் நிற மூக்கும் இந்த இனத்தின் அழகு என்று கொண்டாடப்படுகின்றன. அதே நிறமி இன்மை உட்காதைப் பாதிக்கும்போது பிறவிச் செவிடும் சேர்ந்து வந்துவிடுகிறது. நீலக் கண் குட்டிகளில் இந்த ஆபத்து கூடுதல். ‘செவிட்டுக் குட்டியைத் தலையில் கட்டிவிட மாட்டீர்களே’ என்று பொருள்படப் பேசினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். ‘காது சோதிச்சுப் பாத்தாச்சா அண்ணாச்சி?’ என்று கேட்டாலோ அவரே செய்து காட்டுவார். பெரியவர் ஒரு குட்டியைத் தனியே பிரித்துச் சாக்கின் மேல் விட்டார். அது வேறு பக்கம் முகர்ந்துகொண்டிருந்தபோது, அவருடைய மருமகள் அடுத்த அறையிலிருந்து எவர்சில்வர் மூடியைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார். குட்டி உடனே தலையைத் திருப்பியது. அருகிலிருந்து தட்டினால் தரையின் அதிர்வையோ காற்றின் அசைவையோ உணர்ந்தும் திரும்பிவிடும் என்பதால்தான் அடுத்த அறை. ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்த முறையில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மூளை அலைகளைப் பதிவுசெய்யும் கருவி வேண்டும்.

பரம்பரை பற்றிய கேள்வி இதைவிட நுட்பமானது. கையிலிருக்கும் நாய்கள் குறைவாக உள்ள இனத்தில் நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே இணை சேர்த்துவிடும் ஆபத்து அதிகம். ஆனால் ‘அண்ணன் தங்கச்சிக்குள்ள கிராஸ் பண்ணுவீங்களா?’ என்று யாரிடமும் கேட்க முடியாது. தாய் நாயின் தாய் யாரிடமிருந்து வந்தது, கடுவன் எந்த வீட்டுடையது என்று கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டால் போதும். மூன்று நான்கு தலைமுறை வரை, எந்த நாய் எந்தத் தெருவில் யார் வீட்டில் பிறந்தது என்று அவர்கள் ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். கென்னல் கிளப் சான்றிதழ் இல்லாத பல வீடுகளில் இந்த நினைவுதான் பதிவேடு. நமக்கு வேண்டிய விடையும் அதற்குள்ளேயே இருக்கும்.

குட்டியை முப்பதாம் நாளே கொடுத்துவிடச் சொல்லி வற்புறுத்துபவர்கள் உண்டு; சிறியதாக எடுத்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்பது அவர்கள் வாதம். நாய் இனவிருத்தி மற்றும் விற்பனை தொடர்பான 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. பெண் நாய்க்குப் பதினெட்டு மாதம் ஆகாமல் இணை சேர்ப்பதையும் தடுக்கின்றன. சட்டத்தை விட்டுவிட்டாலும், உடன்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும் வாரங்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை நாய் கற்கிறது. வளர்ந்தால் எழுபது சென்டிமீட்டர் உயரம் நிற்கும் காவல் நாய்க்கு அந்தப் பாடம் மிகவும் தேவை.

ராஜபாளையத்திலிருந்து கிழக்கே கரிசல் காட்டுக்குள் இறங்கினால் நாயும் மாறுகிறது, முறையும் மாறுகிறது. சோளமும் பருத்தியும் விளையும் அந்த ஊர்களில் இருப்பவை ஒல்லியான, வளைந்த முதுகுடைய ஓட்ட நாய்கள்: செவலையும் சாம்பலுமாகச் சிப்பிப்பாறை, கறுப்பில் செம்பட்டை கலந்த கன்னி. கன்னி நாயைக் காசுக்கு விற்பதில்லை என்ற பழைய வழக்கத்தைச் சில வீடுகளில் இன்னமும் கடைப்பிடிக்கிறார்கள். சொந்தத்துக்குள் கொடுப்பார்கள், பெண்ணுக்குச் சீராகவும் கொடுப்பார்கள்; வாங்கியவர் வீட்டில் அது ஈன்றால் ஒரு குட்டியைத் திருப்பித் தர வேண்டும் என்பது வாய்மொழி ஒப்பந்தம். அப்படிப்பட்ட வீட்டின் முன் பணத்தாளை எடுத்து நீட்டுவது அவமரியாதை. நான் கோவில்பட்டி நண்பர் ஒருவரின் தாய்மாமன் துணையோடுதான் போனேன். தனியாகப் போயிருந்தால் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான்.

அங்கே கேட்கவே கூடாத கேள்வி ஒன்று உண்டு. ‘முயல் பிடிக்குமா?’ என்பதே அது. இந்த நாய்கள் முயல் வேட்டைக்கென்றே உருவானவை என்பது ஊரறிந்த செய்தி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வேட்டை குற்றம் என்பதும் ஊரறிந்ததே. வெளியூர்க்காரர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டால் எதிரிலிருப்பவர் என்ன சொல்வார்? அனுமதி கேட்காமல் படமெடுப்பதும், எடுத்த படத்தை ஊர்ப் பெயரோடும் தொலைபேசி எண்ணோடும் இணையத்தில் ஏற்றுவதும் இதே வகைதான். ஒரு வீட்டில் நல்ல நாய் இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் திருட்டும் வரும்.

நாயை ஓடவிட எனக்கு இடமிருக்கிறதா என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளம் என்றதும், “அங்க வேணாம் தம்பி, கால் கெட்டுப் போயிரும்” என்று முடித்துவிட்டார். அதற்கு மேல் வாதாடுவதில் பொருளில்லை. வேறு யாராவது கொடுப்பார்களா என்று அவரிடமே கேட்பதும் நாகரிகமாகாது. காப்பியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பினோம்.

ராஜபாளையத்துப் பெரியவர் மட்டும், ஊரில் என் அண்ணன் வீட்டுத் தோட்டத்தில் நாய் இருக்கும் என்பதால், அடுத்த ஈத்துக்கு என் பெயரைத் தம் நோட்டில் எழுதிக்கொண்டார். அண்ணனை நேரில் பார்த்த பிறகுதான் அச்சாரம் வாங்குவாராம். இப்படிப் பெயர் கொடுத்துவிட்டு இடையில் மனம் மாறுபவர்கள் அன்றைக்கே தகவல் சொல்லிவிட வேண்டும். நம்மை நம்பி அவர் வேறு இருவரைத் திருப்பி அனுப்பியிருப்பார். மூன்று மாதம் கடந்து மிஞ்சிப்போன குட்டிக்கு நல்ல வீடு கிடைப்பது லேசில்லை.