அந்த நன்றி எதற்கு?

வீட்டுக் கடனுக்கு மதிப்பீடு போடப் போகிறவனின் நிலைமை கொஞ்சம் விசித்திரமானது. அறிக்கை வங்கிக்குப் போகிறது. கட்டணம் கடன் கேட்பவருடையது. ஆனால் படுக்கையறை வரை போய் போட்டோ எடுப்பது விற்கிறவரின் வீட்டில்.

குரோம்பேட்டையில் 1988-ல் கட்டிய தனி வீடு அது. விற்கிற பெரியவர் அப்ரூவ்டு பிளானை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையோடு வைத்திருந்தார். "பாலாத்து மணல் தம்பி, சலிச்சுப் போட்டது" என்றார். பொய்யில்லை, சுவர்களில் எங்கும் ஓதம் இல்லை. பின்னறை சீலிங்கில் மட்டும் ஒரு முறம் அகலத்துக்குப் புது வெள்ளை. நேர் மேலே மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. ஸ்டூலில் ஏறிச் சுத்தியல் பிடியால் தட்டினேன். பொத்தென்று சத்தம் வந்தது. கம்பி துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் கான்கிரீட்டைத் தள்ளும். தள்ளிய இடத்தைப் பூசி மறைத்திருந்தார்கள்.

"என்ன சார், ஏதாவது பிரச்சினையா?" என்றார் வாங்க வந்த இளைஞர். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னையே பார்த்தார்.

"பார்த்துட்டேன். ரிப்போர்ட்ல எழுதிடறேன்" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. எழுதவும் செய்தேன், போட்டோவோடு. 60 வருஷ ஆயுளில் 36 போயிற்று. இடித்தால் தேறும் மதிப்பு என்று 10 சதவீதம் விட்டு 54 சதவீதம் தேய்மானம். அதற்கு மேல் ரிப்பேருக்கும் கழித்தேன். யாருக்கும் எதையும் மறைக்கவில்லை.

ஆனால் கிளம்பும்போது பெரியவர் கேட் வரை வந்து, "ரொம்ப நன்றி தம்பி" என்றார். சும்மா சொல்கிற நன்றி இல்லை. திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

அவர் வீட்டில் நின்றுகொண்டு, மூன்றாம் மனிதர் முன்னால் குறை சொல்லக்கூடாது என்பது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியரின் பாடம். சரியான பாடம்தான். பேரம் பேச ஆயுதம் எடுத்துக்கொடுப்பது மதிப்பீட்டாளர் வேலை இல்லை. அந்த பூச்சு வேலையும் ஏமாற்றத்தான் என்று எப்படிச் சொல்வது? விருந்தாளி வருவதற்கு முன் வெள்ளையடிக்காத வீடு உண்டா?

இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டாலும் அந்த இளைஞர் முகம் வந்து நிற்கிறது. என் கட்டணம் அவர் பணம். கேட்டவரும் அவர்தான். வங்கி அறிக்கையை அவருக்குக் காட்டியிருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. பெரியவருக்குக் கொடுத்த மரியாதைக்கு விலை கொடுத்தது அவரோ? "ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வந்து பாருங்க" என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம். அதைப் பெரியவர் முன்னால் எப்படிச் சொன்னாலும் பொதுவாக இருந்திருக்காது என்பதும் தெரியும்.

இப்போதெல்லாம் வேறு வழி. குறை தெரிந்தால் முதலில் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "இதை எழுதப் போகிறேன், வாங்குகிறவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்கிறேன். இதுதான் நியாயம் என்று நினைத்திருந்தேன். போன மாதம் மடிப்பாக்கத்தில் ஒருவரை அப்படி மாடிப்படிக்குக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சட்டைப் பையில் கையை விட்டு, "எவ்வளவு சார்?" என்றார்.