பம்பைக் கழற்ற முதல் புகையைப் பாருங்கள்

காலபோக (பெரும்போக) உழவு நெருங்குகிறது. பழைய மாசி பெர்குசன் 135 டிராக்டர் வைத்திருப்பவர்கள், மெசின் இழுக்கவில்லை என்றதும் டீசல் பம்பைக் கழற்றக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் நல்ல இஞ்சின், அவசரப்பட்டுக் குலைக்க வேண்டாம்.

முதலில் புகை. கறுப்பு என்றால் காற்றுப் போதவில்லை, அல்லது டீசல் கூடுதலாகப் போகிறது. யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண் தூசிக்குள் ஓடுகிற மெசினில் எயார் கிளீனர் ஒயில் சேறாகியிருக்கும், அதைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும். நீலம், ஒயில் எரிவது. சூடான பிறகும் வெள்ளை நின்றால் இன்ஜெக்டர் (டீசலைச் சிலிண்டருக்குள் தெளிப்பது), டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்), கொம்பிரசன் (சிலிண்டரில் காற்று அமுக்கப்படுவது) பக்கம் போங்கள்.

ஓடி ஓடி நிற்கிறதா? டீசல் பில்டரைப் பாருங்கள், டீசல் லைனில் நிற்கும் எயாரை வெளியே எடுங்கள்.

அப்புறம் நான் மிகவும் நம்புகிற சோதனை. மெதுவாக ஓடவிட்டு, இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி, திரும்ப இறுக்குங்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. தயவுசெய்து கையை அந்த டீசலுக்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தம் தோலையே துளைக்கும். பட்டுவிட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.